பழைய பென்ஸ் கன்சோல் மரத்துல லேக்கர் உரிக்கணும், வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. வண்டி 1995 பென்ஸ் ஈ 220, டபிள்யூ 124 மாடல், புனேல அசெம்பிள் ஆனது. இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல. தொல்லை எல்லாம் கன்சோல்ல, அதாவது முன் சீட்டு ரெண்டுக்கும் நடுவுல, இருக்கிற சீப்ரானோ மரத்துலதான் (கறுப்புக் கோடு ஓடுற மரம்). சென்னை வெயில் பட்டுப் பட்டு, மேல பூசின பளபளப்பான லேக்கர் முழுக்க மயிரிழை வெடிப்பு. கியர் லீவரைச் சுத்தி வெள்ளையா பூத்துப்போய், நகத்தை வெச்சாலே செதில் செதிலா வருது. அடியில மரம் நல்லாத்தான் இருக்கு, அந்தக் கறுப்புக் கோடுகூட மங்கல.

ஆஷ்ட்ரேயை எடுத்துட்டு, கண்ணாடி சுவிட்ச் பிளக்கெல்லாம் பிரிச்சு, பீஸை முழுசா வெளியே எடுத்தாச்சு. இனிமேதான் பயம். மேல ஒட்டியிருக்கிற மெல்லிசான மரத்தகடு, அந்த வெனியர், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உப்புத்தாள் கொஞ்சம் அழுத்திட்டா கோடெல்லாம் போயிடும். ஹீட் கன் காட்டிச் சுரண்டலாமா, இல்ல பெயிண்ட் ரிமூவர் போதுமா? சூட்டுல பசை விட்டு வெனியர் தூக்கிக்காதா? கையால செஞ்சு பார்த்தவங்க சொன்னா நல்லாருக்கும்.

அடுத்தது பூச்சு. ஃபர்னிச்சர் பாலிஷ் போடுறவர் மெலமைன் பூச்சே போதும்னாரு. பூட்டின கார்ல ஏறுற சூட்டுக்கு அது தாங்கும்னு எனக்குத் தோணல. கார் பெயிண்ட் கடையில அடிக்கிற 2கே கிளியரை (ஹார்டனர் கலந்து அடிக்கிற நிறமில்லாத பூச்சு) மரத்து மேல நேரா அடிக்கலாமா, இல்ல முதல்ல மரத்துளையை அடைக்கிற சீலர் வேணுமா? எத்தனை கோட்?

சென்னைப் பக்கம் பொறுமையா செஞ்சு தர்ற ஆள் யாராவது தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. ஸ்டிக்கர் ஒட்டிக்கோன்னு மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.