கொடைக்கானல் இறங்கியதிலிருந்து பிரேக் உதறுகிறது, வழி சொல்லுங்கள்

போன வாரம் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை பிரேக்கை மிதித்தபடியே இறங்கினேன். இரண்டாவது கியரில் இறக்கியிருக்க வேண்டும், தவறு என்னுடையதுதான். அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தியபோது முன்சக்கரத்தில் கருகல் வாடை. அப்போதும் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. இப்போது 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது, பெடல் காலைத் தட்டுகிறது.

பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) வளைந்துவிட்டது, மாற்று என்கிறார் மெக்கானிக். ஆனால் பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடின் பூச்சு சூட்டில் அதன்மேல் திட்டாக ஒட்டித் தடிமன் மாறுவதுதான் காரணம் என்று படித்தேன். வீல் நட்டை ஏற்றத்தாழ்வாக முடுக்கினாலும் இதே உதறல் வருமாம்.

டயல் கேஜ் (டிஸ்க் சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்து, டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாமல் லேத்தில் சீவித் தருகிற பட்டறை மதுரையில் எங்கே இருக்கிறது அண்ணன்மாரே? அப்பாவை வாராவாரம் உசிலம்பட்டியிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரவேண்டும். இந்த வண்டியில் அவரை ஏற்ற மனசு வரவில்லை.