பைதானில ஆர்ஸ்ட்ரிப் போட்டா குளத்துப் பேர் உடையுது, ஒருக்கா பாருங்கோ

வட்டக்கச்சிப் பிள்ளை:
வணக்கம், அவசரமா ஒரு உதவி. காலபோகத்துக்கு விதைநெல் கேட்டுப் பதிஞ்ச கமக்காரரின்ர விபரம் ரெண்டு பட்டியலாக் கிடக்கு, ஒண்டில குளத்தின்ர பேர் முழுசா இருக்கு, மற்றதில வவுனி, அக்கராயன் எண்டு குளம் இல்லாம எழுதியிருக்கினம். ரெண்டையும் பொருத்தத்தான் முதல் பட்டியலில, பைதான் ப்ரோகிராமில சொல்லின்ர வால் பக்கத்தை வெட்டுற ஆர்ஸ்ட்ரிப்புக்குள்ள (rstrip) "குளம்" எண்டு குடுத்து வெட்டினன். செட்டிகுளம் செட்டி எண்டு வந்துது, வவுனிக்குளம் வவுனி, கனகாம்பிகைக்குளம் கனகாம்பிகை, எல்லாம் சரி எண்டு விட்டிட்டன். பிறகு பாத்தா அக்கராயன்குளம் "அக்கராயன" எண்டு புள்ளி இல்லாம நிக்குது, புதுமுறிப்புக்குளம் "புதுமுறிப்ப" எண்டு நிக்குது! அந்தக் குளத்து ஆக்கள் ஒருத்தரும் பொருந்தேல்லை, அவையின்ர பேர் விடுபட்டா விதைநெல்லும் இல்லை. இது ஃபொண்ட் பிழையோ?

மல்லாவித் தம்பி:
அக்கா ஃபைலை யூடிஎஃப் எட்டு (UTF-8) எண்ட எழுத்துமுறையில சேவ் பண்ணித் திறந்து பாருங்கோ, எனக்கு முந்தி தமிழ் எழுத்து உடைஞ்சு வந்தது அப்பிடித்தான் சரிவந்தது.

வட்டக்கச்சிப் பிள்ளை:
அது முதலே யூடிஎஃப் எட்டுத்தான் தம்பி. வெட்டாம பிரிண்ட் பண்ணினா எழுத்தெல்லாம் வடிவா வருது.

நெடுங்கேணி அண்ணை:
தங்கச்சி, ஃபொண்டும் இல்லை ஃபைலும் இல்லை, ஆர்ஸ்ட்ரிப் செய்யிற வேலையே வேற. நீங்கள் குடுத்த "குளம்" எண்டதை அது ஒரு சொல்லா எடுக்காது, க, உகரக்குறி, ள, ம, புள்ளி எண்டு அஞ்சு துண்டாப் பாக்கும், பேரின்ர வால் பக்கத்தில இருந்து இந்த அஞ்சில எது வந்தாலும் எத்தினை தரம் வந்தாலும் தின்னுகொண்டே போகும், அஞ்சிலயும் இல்லாத ஒண்டு வந்தாத்தான் நிக்கும். அக்கராயன்குளத்தில "குளம்" போனப்பிறகு ன் இன்ர புள்ளி நிக்குது, புள்ளியும் உங்கட அஞ்சுக்குள்ள இருக்கிறதால அதையும் எடுத்துப்போட்டு ன இல நிண்டிட்டுது. புதுமுறிப்பில க் கும் போய், பு இன்ர உகரமும் போட்டுது. வவுனியும் கனகாம்பிகையும் தப்பினது இகரக்குறியும் ஐகாரக்குறியும் உங்கட அஞ்சில இல்லாததாலதான், சும்மா அதிர்ஷ்டம். இந்தக் குழப்பத்தில கன பேர் விழுந்துதான் 2020 ஒக்டோபரில வந்த பைதான் 3.9 இல ரிமூவ்சஃபிக்ஸ் எண்டு தனி மெதட் சேத்தவை, அது முழுச் சொல்லாப் பாத்து ஒரேயொருக்காத்தான் வெட்டும். முதல் "க்குளம்", பிறகு "குளம்" எண்டு ரெண்டு தரம் போடுங்கோ, மாறிப் போட்டா வவுனிக் எண்டு க் தொங்கும்.

வட்டக்கச்சிப் பிள்ளை:
அண்ணை அப்பிடியொரு மெதட்டே இல்லை எண்டு எரர் அடிக்குது. இது பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர், பைதான் 3.8.

நெடுங்கேணி அண்ணை:
ஓம், விண்டோஸ் 7 இல 3.9 ஏறாது. பரவாயில்லை, எண்ட்ஸ்வித் போட்டுக் கடைசி "குளம்" தானோ எண்டு பாத்திட்டு, ஸ்லைஸ் பண்ணி, அதாவது கடைசியில இத்தினை எழுத்து எண்டு எண்ணிக்கை குடுத்து வெட்டுங்கோ, அதுவும் அதே ஒழுங்கில, "க்குளம்" முதல்.

வட்டக்கச்சிப் பிள்ளை:
கு, ள, ம் மூண்டு எழுத்துத்தானே எண்டு கடைசி மூண்டை வெட்டினன், அக்கராயன்கு எண்டு வருது. அழுகை வருது அண்ணை.

நெடுங்கேணி அண்ணை:
அழாதேங்கோ பிள்ளை, கிட்ட வந்திட்டியள். எங்களுக்கு மூண்டு எழுத்து, பைதானுக்கு யூனிகோட் குறி ஒவ்வொண்டும் ஒரு கணக்கு, அதால "குளம்" அஞ்சு, "க்குளம்" ஏழு. கையால எண்ணாதேங்கோ, நீளத்தை எண்ணித் தாற லென்னுக்குள்ள (len) அந்தச் சொல்லையே குடுத்து வாற எண்ணிக்கையை வெட்டுங்கோ. தமிழ்ச் சொல்லில ஆரும் விரல்விட்டு எண்ணி ஸ்லைஸ் பண்ணினா எனக்குப் பயம்தான்.

செட்டிகுளத்து ரீச்சர்:
இடையில வாறதுக்கு மன்னிக்கோணும். மாங்குளத்தை என்ன செய்யப்போறியள்? ரிமூவ்சஃபிக்ஸ் இருந்தாலும் "மாங்" எண்டுதானே வரும். ஊர்ப்பேரைக் கத்தி வைச்சு வெட்டுறதை விட ஒரு டிக்ட் (dict, அகராதி மாதிரி) எழுதுங்கோ பிள்ளை, குறுக்கி எழுதின பேருக்கு நேர முழுப்பேர். பிறகு கெட் மெதட்டுக்கு அந்தப் பேரையே ரெண்டாவதாவும் குடுத்தா, டிக்ட்டில இல்லாத பேர் அப்பிடியே திரும்பி வரும், எரர் வராது. கொஞ்ச நேரம் தட்டவேணும்தான், ஆனா பேர் சிதையாது. எங்கட குளங்களின்ர பேர் முழுசா இருக்கிறதுதான் எனக்கும் விருப்பம்.

வட்டக்கச்சிப் பிள்ளை:
ரீச்சர் சொன்னதைத்தான் செய்தன். அப்பாவைப் பக்கத்தில இருத்தி, எந்தக் குறுக்கம் எந்தக் குளம் எண்டு அவர் சொல்லச் சொல்லத் தட்டினன், இப்ப எல்லாரும் பொருந்தீட்டினம். கடைசியா ஒண்டு, லிஸ்டைச் சோர்ட் பண்ணி வேற பேரில எடுத்தா நன் (None, ஒண்டுமில்லை) எண்டு வருது, பேர்கள் எங்க போகுது?

மல்லாவித் தம்பி:
இது எனக்குத் தெரியும் அக்கா! சோர்ட் அந்த லிஸ்டையே அடுக்கிப்போட்டு ஒண்டும் திருப்பித் தராது, பேர்கள் பழைய லிஸ்டிலயே அடுக்குப்பட்டுக் கிடக்கும் பாருங்கோ. புது லிஸ்ட் வேணுமெண்டா சோர்டட் போடுங்கோ. ஆனா தமிழ் அகரவரிசை அப்பிடியே வராது, யூனிகோட்டில ன வந்து ந வுக்கு அடுத்ததா, ப வுக்கு முன்னால நிக்குது.

வட்டக்கச்சிப் பிள்ளை:
வந்திட்டுது தம்பி. வரிசையை அப்பா கையால பாத்துக்கொள்ளுறாராம், நான் பிரிண்ட் எடுக்கப் போறன்.