பைக் பூட்ஸுக்கு ஒரு தமிழ்ச்சொல்: ஞாயிறு மாலைக்குள் வேண்டும்

உச்சிப்புளியிலிருந்து, புதன் இரவு

அனைவருக்கும் வணக்கம். திங்கள் காலை எங்கள் பயிற்சி நிலையத்தில் இருசக்கர வண்டிப் பாதுகாப்பு வகுப்பு தொடங்குகிறது. எட்டுப் பக்கக் கையேடு, ஞாயிறு இரவு அச்சுக்குப் போக வேண்டும். தலைக்கவசம், கையுறை எல்லாம் எழுதிவிட்டேன். காலுக்கு வந்ததும் நின்றுபோனேன்.

‘பாதுகாப்புக் காலணி’ என்று எழுதிப் பிள்ளைகளிடம் காட்டினால், இரும்பு முனை வைத்த கட்டட வேலை ஷூ என்கிறார்கள். ‘பூட்ஸ்’ என்றால் போலீஸ் பூட்ஸ், இல்லாவிட்டால் மீன் கம்பெனியில் மாட்டுகிற கம்பூட். வண்டி ஓட்டுவதற்கென்றே செய்த பூட்ஸ் வேறு சாமான் என்பது எந்தச் சொல்லிலும் தெரியவில்லை.

இதில் எனக்குப் பட்ட அடியும் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு அரிச்சல்முனை சாலையில் போகும்போது, காற்றில் ஏறிக் கிடந்த மணலில் முன்சக்கரம் வழுக்கியது. காலில் கான்வாஸ் ஷூ. 190 கிலோ வண்டி அப்படியே கரண்டை மேல் சாய்ந்தது. ஷூவை ஆஸ்பத்திரியில் கழற்றிப் பார்த்தார்கள், அதில் ஒரு தையல்கூடப் பிரியவில்லை. உள்ளே எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருந்தது. காலை மூடுவது வேறு, காலைக் காப்பது வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்லுகிற சொல்தான் எனக்கு வேண்டும்.

பரமக்குடியிலிருந்து, வியாழன் காலை

தம்பி, சொல் ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் ‘அடிபுதை அரணம்’ என்று வருகிறது. கழுதை மேல் மிளகுப் பொதி ஏற்றிக்கொண்டு நெடுவழி போகும் வணிகர்கள் அதை அணிந்திருக்கிறார்கள். உரைகாரர்கள் செருப்பு என்றே பொருள் சொல்கிறார்கள். ஆனால் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அடி புதைய வேண்டும், அது அரணாகவும் இருக்க வேண்டும். நீங்கள் கேட்ட இரண்டும் அந்தத் தொடரிலேயே இருக்கின்றன. அரண் என்பது கோட்டைக்கும் காவலுக்கும் உரிய சொல். அதே வரியில் அடுத்து வருவது ‘படம்’, அதாவது மேலே போடுகிற சட்டை. காலுக்கு அரணம், உடம்புக்குச் சட்டை என்று நெடுவழிப் பயணிக்கு வேண்டியதை ஒரே வரியில் அடுக்கியிருக்கிறார் புலவர்.

சுருக்கி ‘அடியரண்’ என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்ல ஆசை. பதிற்றுப்பத்தில் ‘மிதியல் செருப்பு’ என்று ஒரு தொடர் உண்டு. காலால் மிதிக்காத செருப்பு எது என்றால், செருப்பு என்று பெயர் கொண்ட மலை. அந்த மலைக்கு ஏன் அந்தப் பெயர் என்பதைத் தனி மடலாக எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து, வியாழன் மதியம்

ஐயா, தொடர் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு வயதுப் பையன் கடையில் போய் ‘அடியரண் இருக்கா’ என்று கேட்டால் கடைக்காரர் என்ன எடுத்துக் கொடுப்பார்? நான் கருவிக் கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன். படிக்கிறவர் ஒரு நொடி தயங்கினாலும் அந்த வரி தோற்றுவிட்டது என்றுதான் வைத்துக்கொள்வேன். ‘பூட்ஸ்’ தமிழாகிப் பல தலைமுறை ஆயிற்று. ‘பைக் பூட்ஸ்’ என்றே போடுங்கள்.

மண்டபத்திலிருந்து, வியாழன் இரவு

எங்கள் வீட்டில் அம்மா இன்னமும் ‘சப்பாத்து’ என்றுதான் சொல்கிறார், மன்னார்க்காரர். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். கடலுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சொல்வது, இந்தப் பக்கம் அகதி முகாம்களிலும் புழங்குகிறது. கடன் வாங்கிய சொல்தான் வேண்டுமென்றால், இந்தக் கரைக்குப் பழகிய சப்பாத்தையும் கணக்கில் எடுங்கள்.

கீழக்கரையிலிருந்து, வெள்ளி மாலை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். செருப்புக் கடை வைத்திருக்கிறேன். பேர் எதுவாக இருந்தாலும், வாங்குகிறவனுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியணும். அதைச் சொல்கிறேன், சொல் அதிலிருந்து கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கையில் முனையையும் மறு கையில் குதியையும் பிடித்து, ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்குங்கள். முறுகினால் வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் பாதம் அகலமாக இருக்கிற இடத்தில் ‘சோல்’ என்கிற அடிப்பாகத்தை இரண்டு பக்கமும் பிடித்து நெரியுங்கள். வண்டி மேலே விழுந்தால் அங்கேதான் மடங்கும். கடைசியாக, கரண்டை வருகிற இடத்தில் வெளிப்புறமும் உட்புறமும் கட்டை விரலால் அழுத்துங்கள். உள்ளே கிண்ணம் மாதிரிக் கடினமாக ஒன்று தட்டுப்படணும். வெறும் பஞ்சு என்றால் அது அலங்காரம்.

ஐரோப்பாவிலிருந்து வரும் சரக்கில் இ.என். 13634 என்ற தரக் குறியீட்டு முத்திரை இருக்கும். பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர் படம், கீழே நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 1 அல்லது 2. உயரம், தார்ச்சாலையில் தேய்வது, வெட்டுப்படுவது, குறுக்கே நெரிபடுவது என்ற வரிசை. 2 என்றால் கூடுதல் காப்பு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கரண்டைக் காப்புக்கு ஐ.பி.ஏ. என்று தனி எழுத்து உண்டு, அது கட்டாயம் இல்லை. நான்கு எண்ணும் இருந்து அந்த எழுத்து இல்லாத பூட்ஸும் வருகிறது.

நம்ம பக்கத்துக்கு உப்புத்தான் பெரிய எதிரி. வாலிநோக்கம் பக்கம் ஓட்டுகிற ஒருவர் கொண்டுவந்த ஜோடியில் இரும்புக் கொக்கி வெள்ளை பூத்துத் திறக்கவே இல்லை. கடற்கரைக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்த பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். சில வகை சோல் ஈரக்காற்றிலேயே உதிர்ந்துபோகும், போட்டு நடக்கும்போதுதான் தெரியும். அளவு பார்க்க மாலையில் வாருங்கள், கால் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும்.

தொண்டியிலிருந்து, வெள்ளி இரவு

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னது ரொம்ப உதவி. ஆனால் நான் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகிற ஆசிரியை. முழங்கால்வரை ஏறுகிற பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஆறு பீரியட் நிற்க முடியாது. எல்லாரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால் என்னைப் போன்றவர்கள் பழைய செருப்புக்கே போய்விடுவோம்.

உச்சிப்புளியிலிருந்து, சனி காலை

அக்கா சரியாகச் சொன்னீர்கள். கையேட்டில் ஓட்டத்தைப் பொறுத்தே பிரித்திருக்கிறேன். தினசரிப் போக்குவரத்துக்குக் கரண்டைக்கு மேல் இரண்டு விரல் ஏறுகிற குட்டையான வகை போதும். அதைப் போட்டு நடக்கலாம், நிற்கலாம். கயிறு கட்டுவதானால் முனையை உள்ளே செருகுங்கள், கியர் லிவரில் சிக்கும். சாயல்குடி, தூத்துக்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீண்ட தூரம் போகிறவருக்குக் கணைக்கால் பாதிவரை உயரம், தண்ணீர் புகாத உள்ளுறை. நம் வெயிலில் அந்த உறை புழுங்கும், மழை மாதங்களில் மட்டும் நன்றி சொல்வீர்கள். மண்பாதை ஓட்டத்துக்கு முழங்கால் அருகே வருகிற, கொக்கிகள் வைத்த, கல் மாதிரி விறைத்த வகை. சீமைக்கருவேல முள் சாதாரண ஷூவின் சோலை ஊசி மாதிரித் துளைத்துவிடும், இதில் அந்தப் பயம் குறைவு. ஆனால் பிரேக் மிதி காலுக்கு உணர்வே தராது, பழக ஒரு வாரம் ஆகும். முனை பருமனாக இருப்பதால் கியர் லிவரையும் கொஞ்சம் உயர்த்த வேண்டிவரும். பந்தய வகை நமக்கு வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

இந்த மூன்றிலும் மாறாமல் இருப்பது கரண்டைதான். உயரம் மாறுகிறது, சோல் மாறுகிறது, கரண்டைக் காப்பு இல்லாவிட்டால் எதுவும் வண்டிக்கான பூட்ஸ் இல்லை. காக்கா மடலைப் படித்ததும் அது புரிந்தது. ‘கரண்டை பூட்ஸ்’ என்றால் என்ன?

சென்னையிலிருந்து, சனி மதியம்

கரண்டை எனக்குப் புரியவில்லை, அகராதியைத் திறந்தேன். செங்கல்பட்டுக்காரனுக்கு அது கணுக்கால். பொதுவான கையேட்டுக்கு ‘கணுக்கால் பூட்ஸ்’ தான் சரி.

பரமக்குடியிலிருந்து, சனி மாலை

கணு வேறு, கணை வேறு, குழப்பிவிடாதீர்கள். கணு என்பது மூட்டு, கரும்பில் இருப்பது. கணைக்கால் அதற்கு மேலே முழங்கால்வரை உள்ள பகுதி. சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பெயரில் இருப்பது அதுதான். கணை என்றால் அம்பு, திரண்ட தண்டு. கெண்டைக்கால் என்பதும் அந்தத் திரட்சியைப் பார்த்து மீன் பெயரால் சொன்னது. கரண்டை நம் வட்டாரத்து நல்ல சொல், அதை நான் எதிர்க்கவில்லை. அதன் வாலில் பூட்ஸைத் தொங்கவிடுவதைத்தான் எதிர்க்கிறேன். ‘கரண்டையரண்’ என்று ஏன் சொல்லக் கூடாது?

கீழக்கரையிலிருந்து, ஞாயிறு காலை

கடைப் பையனிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். கரண்டை பூட்ஸ் என்றதும் அலமாரியில் சரியான வரிசைக்குப் போனான். கரண்டையரண் என்றதற்குத் திரும்பி நின்று ‘எது காக்கா?’ என்றான்.

உச்சிப்புளியிலிருந்து, ஞாயிறு இரவு

அச்சுக்குப் போய்விட்டது. ‘கரண்டை பூட்ஸ்’ என்றே போட்டிருக்கிறேன், முதல் இடத்தில் ‘கணுக்காலைக் காக்கும் பூட்ஸ்’ என்று ஒரு விளக்கம். நாலு பேர் சம்மதித்தார்கள், மண்டபத்து நண்பர் பதில் எழுதவில்லை. காக்கா சொன்ன முறுக்கு, நெரிப்பு, கட்டைவிரல் மூன்றும் இரண்டாம் பக்கத்தில் படத்தோடு இருக்கின்றன.

பரமக்குடியிலிருந்து, ஞாயிறு இரவு

பிள்ளைகளின் கால் தப்பினால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் என் கருத்து மாறவில்லை, தம்பி. மறுபதிப்பு வந்தால் ஓரத்திலாவது அடியரண் என்று ஒரு முறை போடுங்கள். செருப்பு மலை பற்றிய மடல் நாளை வரும்.