புதுப்பிப்பு: முழங்கால் வலியுள்ள அம்மாவோடு மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுன் நடைச் சுற்றுலா

வழிகாட்டியோடு மூன்று மணி நேரம் நடக்க அம்மாவால் முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "காலை எட்டுக்கே கிளம்புங்கள், கால் வலித்தால் நகர மையத்தைச் சுற்றும் இலவச 'கேட்' (CAT) பஸ்ஸில் ஏறுங்கள்" என்ற யோசனைதான். செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் (1818), குவான் யின் கோயில், மகாமாரியம்மன் கோயில் (1833), கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று நாலும் பக்கம் பக்கம்தான். வெயில் ஏறுவதற்குள் பார்த்தாயிற்று. கடல்மேல் கால் நட்டுக் கட்டிய சீனர்களின் படகுத்துறை வீடுகளுக்கு மட்டும் பஸ்.

எதிர்பாராதது: கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் நிழல் உண்டு, ஆனால் கடைக்குக் கடை தரை உயரம் மாறுகிறது. ஏறி இறங்கித்தான் முழங்கால் வலித்தது, தூரத்தால் அல்ல. நடுவில் மோட்டார் சைக்கிள்கள் வேறு. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், தொழுகை நேரத்தில் பள்ளிவாசலைச் சுற்றிப் பார்க்க முடியாது.

சாப்பாட்டில் அம்மா சைவம் என்பதை முன்கூட்டியே சொன்னது நல்லதாயிற்று. அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸின் சாறே மீனில்தான், மிளகாய்ச் சம்பலில் இறால் விழுது. அவருக்குச் செண்டோல் (தேங்காய்ப்பாலில் செய்யும் குளிர்ந்த இனிப்பு), அப்புறம் லிட்டில் இந்தியாவில் தோசை. எனக்கு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் தடி வைத்து, இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு விற்ற உணவு. 'கண்டார்' அந்தத் தடிதான். "காவடின்னு சொல்லேன்" என்றார் அம்மா.