உறக்கத்தில் பல் கடிப்பதால் பற்கள் தேயுமா?

கேள்வி:
உறக்கத்தில் நான் பற்களை நறநறவென்று கடிப்பதாக என் மனைவி கூறுகிறார். காலையில் தாடையும் நெற்றிப்பொட்டும் வலிப்பதோடு, குளிர்ந்த நீர் பட்டாலே கடைவாய்ப் பற்கள் கூசுகின்றன. சொத்தை எதுவும் தென்படாத நிலையில், பல் கடிப்பதுதான் காரணமா?

பதில் 1:
இருக்கலாம். பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமல் தேய்ந்தால் மீண்டும் வளராது. அது மெலிந்து உள்ளிருக்கும் டென்டின் என்ற அடுக்கு வெளிப்படும்போது கூச்சம் தொடங்குகிறது. கண்ணாடியில் பாருங்கள்: கோரைப்பற்களின் கூர் மழுங்கித் தட்டையாகியிருந்தால், அது பெரும்பாலும் தேய்மானமே. விரிசல் உண்டா என்பதைப் பல் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

பதில் 2:
இரவில் அணியும் பல் உறை பற்களைக் காக்குமே தவிர, கடிப்பதை நிறுத்திவிடாது. அளவெடுத்துச் செய்வதே நல்லது.

பதில் 3:
குறட்டையும் உண்டா? உறக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களிடமும் பல் கடித்தல் காணப்படுகிறது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் இது வரக்கூடும் என்பதால், மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.