டிராக் வீலுக்கு 1/2 அங்குல ஸ்டட் போதுமா, 5/8-க்குப் போக வேண்டுமா?

கொயோட்டிகுமார்:
வண்டி 2012 மஸ்டாங் ஜிடி, இருப்பது டெக்சாஸில். டிராக் பந்தயத்துக்காக (நேர்ப் பாதையில் கால் மைல் ஓட்டம்) பின்பக்கத்துக்கு 15 அங்குல டிராக் வீலும் 28 அங்குல உயர டிராக் ரேடியல் டயரும் வாங்கிவிட்டேன். பழைய ஸ்டடிலேயே (வீலை மாட்டும் மரையுள்ள கம்பி) மாட்டிப் பார்த்தால் நட்டு ஆறு சுற்றிலேயே இறுகி நின்றுவிடுகிறது, ஏனென்றால் புது வீலின் நடுப்பகுதி கம்பெனி வீலைவிட நல்ல தடிமன். நண்பர்களில் ஒருவர் அதே 1/2-20 மரையில் (அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 மரை) 3 அங்குல நீள ஸ்டட் போட்டால் போதும் என்கிறார், இன்னொருவர் 5/8 இல்லாமல் பாதைக்கே போகாதே என்கிறார். இப்போது கால் மைல் 11.6, முதல் 60 அடி 1.7 வினாடி. அடுத்த வருடம் நைட்ரஸ் (எஞ்சின் சக்தியைக் கூட்டும் வாயு) போட்டால் 60 அடி 1.5 பக்கம் வரும் என்று எதிர்பார்க்கிறேன். எது சரி?

ஸ்லிக்ஸ்ராஜா:
5/8. இதில் பேச என்ன இருக்கிறது தம்பி? ஸ்லிக்கோ (வரியில்லாத பந்தய டயர்) டிராக் ரேடியலோ போட்டுக் கிளட்சை விட்டால் அந்த அடி முழுக்க ஸ்டடில்தான் இறங்கும். என் வண்டியில் 1/2 அங்குல ஸ்டட் இரண்டு ஒரே ஓட்டத்தில் அறுந்தன, மீதி மூன்றும் வளைந்திருந்தன. வீல் கழன்று ஓடாமல் நின்றது என் அதிர்ஷ்டம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனிமேல் 5/8-க்குக் கீழே எதையும் தொடுவதில்லை.

நட்டுபோல்ட்டு:
ராஜா அண்ணே, அறுந்த ஸ்டடை மாட்டியது யார், எப்படி மாட்டினார்கள் என்பதையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஃபாக்ஸ் பாடி என்னும் பழைய மஸ்டாங்குகள் 9 வினாடியில் ஓடுவதே இந்த 1/2-20 ஸ்டடில்தான், அதுவும் நிறைய வண்டிகளில் நான்கு ஸ்டட் மட்டும். குமாரின் வண்டி 11.6. அதற்கு 5/8 போட வேண்டுமென்றால் ஆக்சில் ஃபிளாஞ்சில் (ஸ்டட் நிற்கும் ஆக்சில் முனைத் தட்டு) துளையைப் பெரிதாக்க வேண்டும், டிஸ்க்கில் பெரிதாக்க வேண்டும், வீலின் துளையும் அதற்கு ஒத்துவர வேண்டும், அப்புறம் தெருவில் ஓட்டும் வீல் எதுவும் மாட்டாது. எதற்கு இவ்வளவு வேலை?

ஸ்லிக்ஸ்ராஜா:
மாட்டியது ஊரில் பேர் வாங்கிய ஒரு கடைதான். புது ஸ்டடைத் துளையில் வைத்து, வாஷர் நாலைந்து அடுக்கி, நட்டைப் போட்டு இம்பாக்ட் கன்னால் இழுத்து உட்கார வைத்தார்கள். எல்லாக் கடையிலும் அப்படித்தான் செய்கிறார்கள். அதனால் மட்டும் அறுந்தது என்று சொல்ல முடியாது.

நட்டுபோல்ட்டு:
அதனால்தான் அண்ணே அறுந்தது! கன்னால் இழுக்கும்போது ஸ்டடின் மரை நீண்டுவிடும், எவ்வளவு விசையில் இழுத்தோம் என்பது இழுத்தவருக்கே தெரியாது. பாதைக்குப் போகும் முன்பே அந்த ஸ்டடின் ஆயுளில் பாதி போய்விட்டது. ஆக்சிலைக் கழற்றி வெளியே எடுத்து பிரஸ்ஸில் அழுத்துவதுதான் முறை.

அம்பத்தூர்காரன்:
நான் டிராக் ஓட்டுபவன் இல்லை, அம்பத்தூரில் போல்ட் செய்யும் ஆலையில் வேலை, அதனால் என் பக்கத்துக் கணக்கை மட்டும் சொல்கிறேன். இருவரும் ஸ்டட் எவ்வளவு தடிமன் என்றே பேசுகிறீர்கள், நட்டு வீலை எவ்வளவு விசையோடு ஃபிளாஞ்சில் அழுத்துகிறது என்பதை யாரும் பேசவில்லை. கூம்பு நட்டு போட்ட வீலைத் திருப்புவது ஸ்டடின் பக்கவாட்டு பலம் இல்லை. ஃபிளாஞ்சுக்கும் வீலுக்கும் நடுவில் உள்ள உராய்வுதான் திருப்புகிறது. அந்த உராய்வு தோற்று வீல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஸ்டட் முன்னும் பின்னும் வளைய ஆரம்பிக்கும், பிறகு மரையின் அடிப்பள்ளத்தில் விரிசல் விட்டு அறுந்துபோகும்.

கணக்கு இதுதான். திருகு விசை = 0.2 × விட்டம் × அழுத்தும் விசை. உலர்ந்த மரைக்கு 0.2 பொதுவாக எடுத்துக்கொள்ளும் எண். 1/2 அங்குல ஸ்டடை 100 அடி-பவுண்டுக்கு இறுக்கினால் ஒன்றுக்கு 12,000 பவுண்டு, ஐந்துக்கும் சேர்த்து 60,000. இப்போது அதே 100 அடி-பவுண்டில் 5/8 ஸ்டடை இறுக்குங்கள். ஒன்றுக்கு 9,600, ஐந்துக்கு 48,000 பவுண்டுதான். பெரிய ஸ்டட் வாங்கி, பழைய அளவிலேயே இறுக்கினால் பிடிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது! 5/8-இன் பலன் அதைக் கூடுதலாக இறுக்கும்போதுதான் வரும். அதன் இழுவிசைப் பரப்பு 0.256 சதுர அங்குலம், 1/2-20-க்கு 0.16 மட்டுமே, அதனால் தாராளமாகத் தாங்கும். ஆனால் நடுவில் இருக்கும் அலுமினிய வீலும் தாங்க வேண்டுமே.

அடுத்தது தேவை எவ்வளவு என்பது. ஓட்டுநரோடு 3,600 பவுண்டு வண்டி, கிளம்பும்போது 1.5 ஜி (புவியீர்ப்பின் ஒன்றரை மடங்கு முடுக்கம்) என்று வைப்போம். பின் டயர் ஒவ்வொன்றும் 2,700 பவுண்டு தள்ளுகிறது, டயர் ஆரம் 14 அங்குலம், ஆக 3,150 அடி-பவுண்டு. ஸ்டட்கள் நிற்கும் வட்டத்தின் ஆரம் 2.25 அங்குலம், அந்த இடத்தில் இது 16,800 பவுண்டு விசை. உராய்வு எண் 0.2 என்றால் 60,000 பவுண்டு அழுத்தம் 12,000 வரைதான் தாங்கும். 0.3 கிடைத்தால் 18,000. அதாவது குமாரின் இன்றைய 1.7-க்குப் பெரிய கவலை இல்லை, 1.5-க்குப் போகும்போது விளிம்பில் நிற்பார். வீலின் பின்முகத்தில் பவுடர் கோட்டிங்கோ ஃபிளாஞ்சில் துருவோ இருந்தால் விளிம்பையும் தாண்டிவிடுவார்.

ஸ்லிக்ஸ்ராஜா:
பார்த்தீர்களா, கடைசியில் நான் சொன்னதற்கே வந்து நிற்கிறது. விளிம்பில் நிற்பவனுக்குப் பெரிய ஸ்டட் வேண்டாமா? அப்புறம் சார், நான் சொல்லும் 5/8 வெறும் தடித்த ஸ்டட் இல்லை, டிரைவ் ஸ்டட். மரை இல்லாத தடித்த தோள் ஒன்று வீலின் துளைக்குள் இறுக்கமாக நுழைந்து நிற்கும். உராய்வு தோற்றாலும் அந்தத் தோள் வீலைத் திருப்பும். பெரிய வண்டிக்காரர்கள் அதைப் போடுவது சும்மாவா?

அம்பத்தூர்காரன்:
டிரைவ் ஸ்டட் என்றால் ஒப்புக்கொள்கிறேன், அது வேறு வகைப் பொருள். ஆனால் தோளுக்குப் பொருந்துகிற துளை வீலில் இருக்க வேண்டும். கூம்பு நட்டுக்கான துளையில் அந்தத் தோள் ஒன்று நுழையாது, அல்லது லொடலொடவென்று தொங்கும். தொங்கினால் அது எதையும் திருப்பாது.

பர்ன்அவுட்பானு:
பாதையில் டெக் (ஓட்டத்துக்கு முன் வண்டிச் சோதனை) பார்க்கும் இடத்தில் நிற்பவள் என்ற முறையில் சொல்கிறேன். என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் பந்தய அமைப்பு) விதி ஸ்டட் தடிமனைக் கேட்கவில்லை. நட்டுக்குள் ஸ்டடின் மரை குறைந்தது ஸ்டடின் விட்டம் அளவுக்கு ஏறியிருக்க வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். ஸ்டட் நட்டுக்கு வெளியே தெரிய வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு, ஆனால் ஸ்டடின் நீளத்தை வைத்து ஏற்பதோ தள்ளுவதோ இல்லை என்று விதியிலேயே இருக்கிறது. வீல் துளைக்குள் நுழையும் குழாய் போன்ற ஷாங்க் நட்டில் மரை வீல் துளைக்குள்ளேயே ஏறிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, அதுவும் செல்லும்.

எண்ணிப் பார்ப்பது சுலபம். 1/2-20 என்றால் அங்குலத்துக்கு 20 மரை, ஆகவே முழுதாகப் பத்துச் சுற்று. எம்12, 1.5 பிட்ச் (12 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.5 மி.மீ.) என்றால் எட்டு. 2015-இல் இருந்து மஸ்டாங்குக்கு வந்த எம்14, 1.5 பிட்ச் என்றால் ஒன்பதுக்குச் சற்று மேல். குமார், உங்களுக்கு ஆறுதான் வருகிறது, 5/8 கதையெல்லாம் பிறகு, முதலில் இப்படியே வந்தால் என் வரிசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். இன்னொன்று, நீள ஸ்டட்களில் நட்டு கோணாமல் ஏற நுனியைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி மரையில்லாமல் சீவியிருப்பார்கள். அந்த நுனி நீளத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூடிய நட்டு வேண்டவே வேண்டாம். நீள ஸ்டடில் மூடிய நட்டைப் போட்டால் ஸ்டடின் நுனி உள்ளே போய் முட்டிக்கொள்ளும், டார்க் ரெஞ்ச் டிக்கென்று சத்தம் கொடுக்கும், நீங்களும் இறுகிவிட்டது என்று நம்பிப் போவீர்கள், வீல் மட்டும் இறுகியிருக்காது.

நட்டுபோல்ட்டு:
பானு சொன்னதுதான் என் கட்சியும். 3 அங்குல 1/2-20, ஏஆர்பி கம்பெனி மாதிரி 8740 குரோம்மோலி (உறுதியான கலப்பு எஃகு) ஸ்டட், திறந்த நட்டு, தீர்ந்தது. மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு 100-க்கு இறுக்கினால் அம்பத்தூர் சார் சொன்ன பிடிப்பும் கூடிவிடும். நான் எப்போதும் எண்ணெய் விட்டுத்தான் இறுக்குகிறேன்.

ஸ்லிக்ஸ்ராஜா:
எண்ணெயா? கம்பெனிக்காரன் கொடுக்கும் 100 என்பது உலர்ந்த மரைக்கான எண். எண்ணெய் விட்டால் நட்டு தானாகக் கழலும்.

அம்பத்தூர்காரன்:
இருவரிடமும் பாதி பாதி சரி. எண்ணெய் விட்டதால் நட்டு கழலாது, பிடிப்பு போதாமல் வீல் நகரும்போதுதான் கழலும். ஆனால் எண்ணெய் விட்டு அதே 100 என்றால் 0.2 என்ற எண் 0.15-க்கு இறங்கலாம், அப்போது ஸ்டட் ஒன்றின் மேல் 16,000 பவுண்டு, பரப்பால் வகுத்தால் சதுர அங்குலத்துக்கு 1,00,000. கிரேடு 8 எஃகு நிரந்தரமாக நீளாமல் தாங்கும் அளவு 1,20,000. எஃகு பிழைத்துக்கொள்ளும், ஒவ்வொரு வாரமும் கழற்றி மாட்டும் வீலின் அலுமினியக் கூம்பு தாங்குமா என்பதுதான் என் கவலை. ஸ்டட் விற்பவர் எந்த மசகு, எந்த இறுக்கம் என்று தாளில் கொடுத்திருந்தால் அந்த இரண்டையும் சேர்த்தே பின்பற்றுங்கள். ஒன்றை அங்கிருந்தும் மற்றதை இங்கிருந்தும் எடுக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பளபளவென்று முலாம் பூசிய மலிவு ஸ்டட்களை வாங்க வேண்டாம். மிகக் கடினமாக்கிய எஃகுக்கு மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே போகும், பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்துச் சுட்டு அதை வெளியேற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் விட்ட ஸ்டட், வண்டி நிழலில் சும்மா நிற்கும்போதே இறுக்கத்தில் அறுந்துவிடும். வெளியே பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

கொயோட்டிகுமார்:
எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் இப்போதைக்கு 3 அங்குல 1/2-20, திறந்த கூம்பு நட்டு. வீலின் பின்முகத்தையும் ஃபிளாஞ்சையும் துடைத்துத் துருவை எடுத்துவிடுகிறேன், பவுடர் கோட்டிங் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். இந்த 3 அங்குல ஸ்டடை ஆக்சிலைக் கழற்றாமல் போட முடியுமா?

நட்டுபோல்ட்டு:
பின்னால் இருக்கும் பிரேக் தகடு இடிக்கும். தகட்டை வளைத்துச் சாய்த்து நுழைப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அப்படி நுழைத்தால் கடைசியில் நட்டு போட்டுத்தான் இழுக்க வேண்டிவரும். டிஃப் (பின் ஆக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) மூடியைத் திறந்து, ஆக்சிலைப் பிடித்திருக்கும் சி-கிளிப்பை எடுத்து ஆக்சிலை உருவிவிடுங்கள், எண்ணெய் மாற்றும் செலவு மட்டும்தான் கூடுதல்.

பர்ன்அவுட்பானு:
ஆக்சில் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 10.99 அல்லது அதற்கு வேகமாக ஓடினால் வெளிச்சந்தை ஆக்சிலும் (கார் கம்பெனி அல்லாதவர் செய்தது), ஆக்சில் வெளியே வராமல் பிடிக்கும் அமைப்பும் கட்டாயம். நீங்கள் நைட்ரஸ் போட்டால் அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவீர்கள், எப்படியும் புது ஆக்சில் வாங்கத்தான் போகிறீர்கள். ராஜா அண்ணன் சொல்லும் டிரைவ் ஸ்டடை அப்போது யோசியுங்கள், துளையை அந்த அளவுக்கே போட்டுத் தருவார்கள். இன்றைக்குக் கம்பெனி ஆக்சிலை எடுத்துக்கொண்டு போய் யாரோ ஒருவர் கையில் துளையைப் பெரிதாக்கக் கொடுப்பது வீண் செலவு.

ஸ்லிக்ஸ்ராஜா:
சரி, அதுவரை 1/2-இலேயே ஓட்டு தம்பி. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டார்க் ரெஞ்சைப் போட்டுப் பார், புது அலுமினிய வீல் முதலில் கொஞ்சம் அமரும். நட்டு ஒன்று நகர்ந்தாலும் அன்றைக்கு அடுத்த ஓட்டம் போகாதே. 60 அடி 1.5-க்கு வந்த அன்று ஸ்டட் விஷயத்தை மறுபடி பேசுவோம், நான் என் கட்சியை விடப்போவதில்லை.

அம்பத்தூர்காரன்:
குமார், ஆர்டர் போடும் முன் பழைய ஸ்டட் ஒன்றை வெளியே எடுத்து, தலைக்குக் கீழே பல் பல்லாக இருக்கும் நர்ல் பகுதியின் விட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். 1/2-20 என்று ஒரே பெயரில் விற்கும் ஸ்டட்களிலேயே நர்ல் அளவு வேறுபடும். சிறியதாக இருந்தால் துளைக்குள் சுற்றும், நட்டைக் கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது. ரொம்பப் பெரியதாக இருந்தால் பிரஸ்ஸில் அழுத்தும்போது ஃபிளாஞ்சில் விரிசல் விடலாம். முன்பக்க ஹப்பின் ஸ்டடையும் தனியாக அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றே என்று நினைத்து இருபதையும் ஒரே எண்ணில் வாங்கிவிட வேண்டாம்.