வேகத்தடையில் ஏறி இறங்கினால் கார் அணைந்துவிடுகிறது, இக்னிஷன் சுவிட்ச்தானா? உதவுங்கள்

நெல்லைவாசி:
வணக்கம். அப்பா வாங்கிய 2008 மாடல் பெட்ரோல் கார், ஏர்பேக் கிடையாது. போன வாரம் தென்காசி போகும்போது ஆலங்குளம் தாண்டி ஒரு வேகத்தடையில் இறங்கியதும் எஞ்சின் பட்டென்று நின்றுவிட்டது. பின்னால் லாரி, உள்ளே அம்மாவும் பிள்ளைகளும். சாவியை ஆஃப் செய்து மறுபடி போட்டதும் ஸ்டார்ட் ஆனது. அதற்கப்புறம் மூன்று முறை இதே கதை. ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்ப் என்கிறார்கள், இன்னொன்றில் ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) என்கிறார்கள். வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது. நானே எப்படிப் பார்ப்பது?

பழையவயரிங்:
தம்பி, இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். நின்ற நொடியில் டாஷ்போர்டு மீட்டரில் என்ன தெரிந்தது? பம்ப் போயிருந்தால் எஞ்சின் மட்டும்தான் நிற்கும். பேட்டரி லைட்டும் ஆயில் லைட்டும் எரியும். மீட்டரே இருண்டு ப்ளோயரும் (ஏசி காற்று விசிறி) நின்றதா?

நெல்லைவாசி:
ஆமாம் அண்ணா, எல்லாமே இருண்டுவிட்டது. ஆனால் ஹசார்டு (நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து சிமிட்டுவது) போட்டேன், எரிந்தது.

பழையவயரிங்:
அப்படியென்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. ஹசார்டுக்கு சாவி வழியாகக் கரண்ட் வராது. சாவி வழியாக வருவதெல்லாம் போயிருக்கிறது, எனவே சாவி திருப்பும் இக்னிஷன் சுவிட்சில்தான் சந்தேகம்.

முதலில் ஒன்று. சரிசெய்யும்வரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். ஓட்டத்தில் நின்றால், பிரேக் மிதிக்க உதவும் பூஸ்டரில் மிஞ்சிய வாக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். பதற்றத்தில் சாவியை லாக் வரை திருப்பிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

இனி சோதனை. ஸ்டீயரிங் கீழ்க் கவரைக் கழற்றினால் சுவிட்சுக்குப் போகும் கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) தெரியும். வயர் நிறம் வண்டிக்கு வண்டி மாறும், நிறத்தை நம்ப வேண்டாம். சாவி ஆஃபில் இருந்தாலும் 12 வோல்ட் காட்டுவது பேட்டரி வயர். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் காட்டுவது ஸ்டார்ட்டர் வயர். ஆனில் வந்து, செல்ஃப் அடிக்கும்போதும் போகாமல் இருப்பது மெயின் இக்னிஷன் வயர்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கப்ளரைப் பிரிக்காமல் பின்பக்கமாக ஒரு முனையை பேட்டரி வயரிலும் மற்றதை இக்னிஷன் வயரிலும் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓட விட்டு, ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். இப்போது காட்டுவது சுவிட்சுக்குள் இழக்கப்படும் வோல்ட். நல்ல சுவிட்சில் 0.1, 0.2 வோல்ட் தாண்டாது. அரை வோல்ட் போனாலே உள்ளே கான்டாக்ட் (கரண்டைக் கடத்தும் உலோக முனை) கருகியிருக்கிறது. அப்படியே சாவியை லேசாக அசைத்துப் பாருங்கள்.

சுவிட்சைக் கழற்றி, மல்டிமீட்டரில் இணைப்பு இருந்தால் பீப் ஒலி வரும் சோதனையை மட்டும் செய்து "நன்றாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுக்கிறார்களே, அதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டர் அனுப்பும் மில்லி ஆம்பியருக்குக் கருகிய கான்டாக்ட்டும் வழி விடும். பத்து ஆம்பியர் போகும்போதுதான் திணறும்.

நெல்லைவாசி:
பார்த்தேன் அண்ணா. ப்ளோயர் இல்லாமல் 0.4. போட்டதும் 1.6. சாவியைத் தொட்டதும் 12-ஐத் தாண்டிக் குதித்தது, அதே நொடி எஞ்சினும் நின்றது! கப்ளரைக் கழற்றினால் ஒரு பின்னைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் மெழுகு மாதிரி உருகியிருக்கிறது. அந்த வயரில் இன்சுலேஷன் டேப் சுற்றி இன்னொரு வயர் முறுக்கியிருக்கிறார்கள். அது ஃபாக் லைட்டுக்குப் போகிறது.

கோவைஎலக்ட்ரீஷியன்:
அந்த முறுக்குதான் காரணம். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 9 ஆம்பியர் கூடுதலாக அந்தச் சின்னக் கான்டாக்ட் வழியாகப் போயிருக்கிறது. ஃபாக் லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்து ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டை ஆன் செய்யும் சுவிட்ச்) வழியாகக் கொடுங்கள்.

லாக் செட் முழுவதும் மாற்றச் சொல்வார்கள், தேவையில்லை. நிறைய வண்டிகளில் லாக்குக்குப் பின்னால் உள்ள சுவிட்ச் மட்டும் தனியாகக் கிடைக்கும், பழைய சாவியே போதும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பெரும்பாலும் இரண்டு சின்ன ஸ்க்ரூதான். பழையதை எடுக்கும் முன் சாவி எந்த நிலையில் இருக்கிறது, சுவிட்சின் நடுவில் உள்ள பள்ளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதியதையும் அப்படியே பொருத்த வேண்டும். உருகிய கப்ளரையும் மாற்றியே ஆக வேண்டும். பழைய கப்ளரில் புதுச் சுவிட்சைப் போட்டால் அதுவும் சீக்கிரம் கருகும்.

கனமான சாவிக்கொத்தும் வேண்டாம். 2014-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் உலகம் முழுவதும் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்தச் சுவிட்சுக்காகத்தான். கொத்தின் கனத்திலும் குலுக்கலிலும் சாவி தானாக ஆனிலிருந்து நழுவி, எஞ்சின் நின்று, ஏர்பேக்கும் விரியாமல் போனது.

நெல்லைவாசி:
சுவிட்ச், கப்ளர் இரண்டும் மாற்றியாயிற்று. ப்ளோயர் முழு வேகத்தில் 0.08. அதே வேகத்தடையில் தனியாக நான்கு முறை ஏற்றி இறக்கினேன், மீட்டர் லைட் சிமிட்டக்கூட இல்லை. அப்பாவின் கொத்தில் பம்புசெட் சாவி உட்பட ஒன்பது சாவி இருந்தது, கார் சாவியைத் தனியாகப் பிரித்துவிட்டேன். ஃபாக் லைட் வயரைக் கழற்றி வைத்திருக்கிறேன், ரிலே வாங்கியதும் கொடுக்கிறேன். அண்ணன்மார் இருவருக்கும் மிக்க நன்றி.